கண்ணைத் தட்டில் வைப்பவர்

எந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டாக்டருக்கு முன்னால் நீங்கள் பார்த்தே தீர வேண்டிய ஒருவர் இருப்பார். அவருக்குப் பட்டம் கிடையாது, அறை கிடையாது. உட்கார ஒரு பெஞ்சும், மச்சினருடைய பங்காளிக்கு எப்போதோ நடந்த ஒரு ஆபரேஷனும் போதும்.

எங்கள் ராஜமுந்திரி ஆஸ்பத்திரியில் அவர் பெயர் கொண்டலராவ். நான் அங்கே சீட்டு எழுதுகிறவள். மனைவிக்குச் சொட்டு மருந்து வாங்க வருவார். வாங்கிய பிறகும் போகமாட்டார். பெசரட்டு தோசை சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு, பயந்த முகமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருவார். பயந்த முகத்துக்கா அங்கே பஞ்சம்?

அன்று அகப்பட்டவர் மாணிக்கியம்மா. நரசாபுரத்தில் லேஸ் பின்னிப் பிழைப்பவர். சர்க்கரையால் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது; தாமதித்தால் பார்வை போய்விடும், நாளைக்கே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரெட்டினாவா?" கொண்டலராவ் உச்சுக்கொட்டினார். "கண்ணை வெளிய எடுத்துத் தட்டுல வைப்பாங்கம்மா. தச்சுட்டுத் திரும்ப உள்ள வைப்பாங்க. சில சமயம் முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பி வச்சுருவாங்க."

மாணிக்கியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அம்மா, கண்ணு இருந்த இடத்துலயேதான் இருக்கும். ஊசித் துளை மாதிரி மூணு ஓட்டை போட்டு, உள்ள இருக்கற ரத்தத்தை எடுப்பாங்க. அவ்வளவுதான்."

"இவளுக்கு என்ன தெரியும்?" என்றார் கொண்டலராவ்.

மாணிக்கியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரிடம், "ஏனய்யா, பக்கத்துல இருக்கற என்னைப் பார்க்கக் கோழி மாதிரி கழுத்தைத் திருப்பறீங்களே, ஏன்?" என்று கேட்டார்.

"கண்ணாடில அழுக்கு."

"அதைக் கழட்டுங்க. வலது கண்ணை மூடுங்க. நான் எங்க இருக்கேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணை மூடினார். "பாதிதான் தெரியறீங்க. கறுப்புத் திரை மாதிரி... நாலு நாளா கண்ணுக்குள்ள மின்னல் வெட்டிட்டு இருந்தது. உடம்புச் சூடுன்னு நினைச்சேன்."

"ஊருக்கெல்லாம் வைத்தியம், உமக்குச் சூடா? எழுந்திருமய்யா!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்து டாக்டர் அறைக்கு இழுத்துப் போனார். டாக்டர் பார்த்தபோது, சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிவதுபோல கொண்டலராவின் இடது கண் விழித்திரை உரிந்துகொண்டிருந்தது. மறுநாள் இருவருக்கும் ஆபரேஷன். ஆபரேஷன் மேஜைக்குப் போகும் முன் கொண்டலராவ் மெல்ல என்னிடம் கேட்டார்: "நிஜமா வெளிய எடுக்கமாட்டாங்கதானே?"

இருவர் பார்வையும் தப்பியது. மாணிக்கியம்மாவுக்கு முழுசாக இல்லை. ஆனால் லேஸ் ஊசியில் நூல் எங்கே விழுகிறது என்று தெரிகிறது. உரிந்த விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கொண்டலராவின் கண்ணுக்குள் வாயுக் குமிழ் விட்டு, ஒரு வாரம் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். கிடந்தார். வாய் கிடக்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு வந்தவரிடம் தலையணைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "கண்ணை வெளிய எடுக்கறதெல்லாம் புரளி தம்பி. நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?"

சிரிக்கிறீர்கள். இதற்குள் உங்கள் சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ விழித்திரையைப் பற்றி விளக்க வேண்டுமென்று நாக்கு அரிக்கிறது, இல்லையா? தாராளமாக விளக்குங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள்?