என் ஈசினோபிலும் என் மாமியார் வீடும்

பிள்ளைக்கு மார்க் நிறைய வந்தால் அப்பா வழி, மூக்கு ஒழுகினால் அம்மா வழி. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான்தான்.

என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. கொஞ்சம் ஓடினாலே இழுப்பு. முழங்கை மடிப்பில் ஓயாத அரிப்பு. "எல்லாம் வாலாஜாபாத் வழி" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாலாஜாபாத் என் மனைவி செல்வி பிறந்த ஊர். எனக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை, வாய்க்குப் பஞ்சமில்லை. (தினமும் காலையில் நான் போடும் சரம் சரமான தும்மல் வெறும் கடைத் தூசி. அது கணக்கில் வராது.)

குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஈசினோபில் என்று ஒன்று. ஒவ்வாமை இருந்தால் ரத்தத்தில் அது ஏறி நிற்குமாம். லேபில் ஊசியைக் கண்டதும் யாழினி நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

எனக்குள் இருந்த வீரன் விழித்துக்கொண்டான்.

"இங்க பாரு கண்ணு, மொதல்ல அப்பாவுக்கு. எனக்கும் அதே டெஸ்ட்ட எடுங்கமா!" என்று சட்டைக் கையை மடித்தேன்.

லேப் பெண் ஊசியை இறக்கினார். "வலிக்குதா சார்?"

"எறும்பு கடிச்ச மாதிரி கூட..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். செல்வி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் யாழினி, மடக்கிய கையில் பஞ்சோடு!

"நீ கீழ தூங்கிக்கினு இருந்தியா, நான் மேல குந்திக்கினேன். அழவே இல்லபா."

மறுநாள் மருத்துவர் முதல் தாளைப் பார்த்தார். "ஈசினோபில் ஏறித்தான் இருக்குது. பயப்படாதீங்க, மருந்துல கட்டுப்படுத்திடலாம்." அடுத்த தாளைப் புரட்டினார். "இது யாரோடது?"

"என்னோடதுதான் டாக்டர். குழந்தைக்குத் தைரியம் காட்ட..."

"பொண்ண விட உங்களுக்கு அதிகமா இருக்குதே! காலைல தும்மல் வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தும்மிக்கினேதான் இருக்காரு டாக்டர். தீபாவளிக்குக் கூட லீவு கிடையாது."

மருத்துவர் சிரித்தார். "இத மட்டும் வச்சி அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா அலர்ஜி குடும்பத்துல வரும். நீங்களும் ஒரு டாக்டர பாத்துடுங்க சார்."

படியிறங்கும்போதே செல்வி போன் போட்டாள், ஸ்பீக்கரில். "அம்மா, நாம ஜெயிச்சிட்டோம்!"

"அது கெடக்குது. கொழந்தைக்கு நல்லாகிடுமா, அத சொல்லு மொதல்ல" என்றார் மாமியார்.

"ஆகிடும்மா."

"அப்பாடா. பாவம், மாப்பிள்ளையையும் நல்லா பாத்துக்கோ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாதக்கணக்கில் இன்ஹேலர் எடுத்த பிறகு யாழினியின் ஈசினோபில் இறங்கியது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முழுத்தூரமும் இழுப்பில்லாமல் ஓடி இரண்டாவதாக வந்தாள். வாலாஜாபாத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த மாமியார் வீட்டுக் கூட்டத்தோடு நின்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியவன் நான்.

இப்போதும் லேபுக்குப் போனால் யாழினிதான் முன்னால் ஓடுகிறாள்.

"அக்கா, அப்பாவும் வந்துக்கினு இருக்காரு. பெட்டு ரெடி பண்ணிடுங்க!"