எவர்சில்வர் தூக்குவாளியும் இரண்டு சர்வர்களும்

மும்பையில் யாரும் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பதை நம்பி எந்தப் பெரிய காரியத்திலும் இறங்காதீர்கள். நம் வீட்டு விசேஷத்துக்குத் தாமதமாக வருவார்கள். குழாய் ரிப்பேருக்கு வருவதாகச் சொன்னவர் அடுத்த வாரம் வருவார். ஆனால் எல்லோரும் கொஞ்சம் முன்பின்னாக வந்தால்தான் நாம் பிழைப்போம் என்று ஒரு நாள் வரும் பாருங்கள், அன்றைக்கு அத்தனை பேரும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரே நொடியில் வந்து நிற்பார்கள். நான் பட்டிருக்கிறேன். பட்டுப்புடவையில் பட்டிருக்கிறேன்.

அப்போது நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருக்கும் உத்தியோகம். தமிழில் சொல்வேன், இந்தியில் சொல்வேன், கோபம் வந்தால் மராத்தியில் சொல்வேன். தூக்கத்திலும் சொல்வதாக அம்மா புகார் செய்தாள். இந்தப் பள்ளத்திலிருந்து என்னைத் தூக்கிவிடப் பிறந்தவர் என்று நான் நம்பிய மேனேஜர் பாட்டீல் சார் ஒரு நாள் கூப்பிட்டார்.

"செல்வி, மாட்டுங்கா முறுக்கு கம்பெனி. மாலிக் தமிழ் ஆத்மி. ப்ராஜெக்ட் தும்ஹாரா" என்றார். முதலாளி தமிழர் என்பதால் ப்ராஜெக்ட் எனக்கு. நான் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினேன். அவர் தொடர்ந்தார்: "அச்சா ஹுவா தோ ப்ராஜெக்ட் டீம். நஹி தோ..." என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் தன் காதுகளில் பொத்திக் காட்டினார். நன்றாக முடிந்தால் ப்ராஜெக்ட் டீம், இல்லையென்றால் திரும்பவும் ஹெட்போன்.

அந்த முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் முறுக்கு, மிக்சர் போடும் பட்டறை, செம்பூரில் குடோன், தாணேயிலும் உல்லாஸ்நகரிலும் விற்பனைக் கிளைகள், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தலைமை ஆபீஸ். மெயில், சாட், வீடியோ மீட்டிங், பொது ஃபைல்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு தளம் ஊழியர்களுக்கு வேண்டும் என்றார். ஏற்கெனவே அவரிடம் ஆறு சர்வர்கள் இருந்தன. மாடி அறையில், அப்பளப் பெட்டிகளுக்கு நடுவில், பெருங்காய வாசனையைச் சுவாசித்துக்கொண்டு ஆளுக்கொரு வேலையாக இழுத்துக்கொண்டு கிடந்தன.

எனக்கு வர்ச்சுவலைசேஷன் பித்துப் பிடித்திருந்த காலம் அது. பலமான ஒரு மெஷினை வாங்கி, அதற்குள் பல மெஷின்கள் இருப்பதுபோல மென்பொருளாலேயே பிரித்துவிடலாம் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு சர்வர்களையும் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே இரண்டு! ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்! இதை அண்ணாச்சியிடம் கை கால் எல்லாம் ஆட்டிச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏ பிள்ள, அப்ப இல்லாத மெஷினுக்கா எங்கிட்ட துட்டு கேக்க?" என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தோற்றிருப்பார்கள். நான் தாராவி கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரின் மகள்.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் வாராவ. எண்ணூறு எலையா ஒரே நேரத்துல போடுதோம்? நூறு எலதான? பந்தி பந்தியா சாப்பிட்டுட்டுப் போகலையா? எல்லாரும் ஒரே நேரத்துல வரமாட்டாவ. அந்தக் கணக்குதான் இது."

அண்ணாச்சி முகத்தில் டியூப்லைட் எரிந்தது. "அட! அப்ப ஆறு வீட்டு அடுப்ப அணைச்சிட்டு, ரெண்டு கோட்ட அடுப்பு மூட்டுதோம்ங்குத. அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றவர், மெஷின் வருவதற்கு முன்பே அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டார். பெரியவன், சின்னவன்.

இனி, ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும். (இங்கேதான் என் மேதைமையைக் கவனிக்க வேண்டும்.) ஊழியர்கள் எப்போது ஆபீஸ் வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள் என்று கிளை கிளையாகப் போய் வாசலில் நின்று பார்த்தேன். தாராவிக்காரர்கள் நடந்து வந்து முதலில் உட்கார்ந்துவிடுவார்கள். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைன் ரயிலின் தயவில் அடுத்து. தாணேயும் உல்லாஸ்நகரும் சென்ட்ரல் லைன். சிக்னல் கோளாறு, மழை, மாடு குறுக்கே வந்தது என்று ஆடி அசைந்து வருவார்கள். ஆக, ரயில்வே இலாகாவே எனக்காகப் பந்தி பிரித்து வைத்திருந்தது. அதற்குத் தகுந்த மாதிரி மெமரி, அதற்குத் தகுந்த மாதிரி ப்ராசசர் என்று கலர் கலராக ஒரு வரைபடம் போட்டேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஆனந்தமாக இருந்தது.

பாட்டீல் சார் வரைபடத்தைப் பார்த்தார். "அகர் சப் ஏக் சாத் ஆயே தோ?" என்றார். எல்லோரும் ஒன்றாக வந்தால்?

நான் சிரித்தேன். உண்மையிலேயே சிரித்தேன். "சார், யே மும்பை ஹை" என்றேன். இது மும்பையாயிற்றே!

திறப்பு விழாவை விஜயதசமி அன்று வைத்தார் அண்ணாச்சி. அம்மா என்னைப் பட்டுப்புடவையில் சுற்றி, தலை கொள்ளாமல் பூ வைத்து அனுப்பினாள். "கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?" என்று அப்பா கேட்டார். அங்கே போனால் அப்படித்தான் இருந்தது. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். ஊதுபத்தியை மட்டும் அவற்றின் மூக்கிலிருந்து எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தேங்காயை அறைக்கு வெளியே உடைக்க வைக்கவே பெரும்பாடாகிவிட்டது. பூஜையை எல்லாக் கிளைகளும் பார்ப்பதற்காகச் சர்வர் அறையிலேயே ஒரு கேமராவும், கீழே ஹாலில் பெரிய டிவியும் வைத்திருந்தோம். பாட்டீல் சார் மாடி அறைக்கே வந்து, கேசரித் தட்டோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நல்ல நேரம் பிறந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டு, எண்டர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினார். தளம் திறந்தது! உல்லாஸ்நகர் கிளை மேனேஜர் காதர் பாயிடமிருந்து "மாஷா அல்லாஹ், வாழ்த்துகள்" என்று முதல் செய்தி வந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் செய்தது, இது நான் செய்தது என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அப்புறம் என் லேப்டாப்பில் பச்சையாக இருந்த கோடுகளைப் பார்த்தேன். மஞ்சளாகிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் சிவப்பு. பெரியவன் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தான். டிவியில் அண்ணாச்சி பாதிக் கும்பிடில் உறைந்து நின்றார்.

என் செல்போன் அடித்தது. காதர் பாய். "ஏம்மா செல்வி, சக்கரம் சுத்துதும்மா. சுத்திக்கிட்டே கெடக்கு. எங்களுக்குத் தூக்குவாளி உண்டா இல்லியா?"

"எந்தத் தூக்குவாளி பாய்?"

மெதுவாகத் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"கட தொறப்புன்னா வாசல்ல கூட்டம் நெருக்கித் தள்ளணும்லா பிள்ள? அதான் ராசி. மொத ஆளா உள்ள வார அம்பது பேருக்கு எவர்சில்வர் தூக்குவாளின்னு எல்லாக் கிளைக்கும் சொல்லிட்டேன். ஒனக்கு ஒரு சர்ப்ரைசா இருக்கட்டுமேன்னுதான் சொல்லல."

அன்றைக்கு ஊருக்கெல்லாம் தசரா விடுமுறை. ரயில்கள் காலி. அத்தனை பேரும் சீட்டில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை என்று எல்லோரும் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை என்றதும் திரும்பத் திரும்பத் தட்டினார்கள். தாராவியில் முறுக்கு பிழிகிறவர்கள்கூட அடுப்பை விட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு போனைத் தேய்த்திருக்கிறார்கள்.

பெரியவன் விழுந்தான். பரவாயில்லை, திட்டப்படி சின்னவன் தாங்குவான் என்று பார்த்தேன். அவன் தன் சுமைக்கே தள்ளாடிக்கொண்டு நின்றவன். அண்ணன் சுமையும் தலையில் ஏறியதும் அவனும் படுத்துவிட்டான். இரண்டு பேரையும் எழுப்பினேன். எழுந்ததுமே வாசலில் நின்ற கூட்டம் மேலே விழுந்தது. திரும்பப் படுத்துவிட்டார்கள்.

"விழுந்துட்டானா?" என்றார் அண்ணாச்சி. முகத்தில் பூரிப்பு போயிருந்தது. "நல்ல நாளும் அதுவுமா... நேரம் முடியப்போவுதே பிள்ள. சகுனம் சரியில்லன்னுல்லா பேசுவானுவ."

நான் பாட்டீல் சாரைப் பார்த்தேன். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. மாட்டேன். திரும்பப் போய் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்ல மாட்டேன். என்ன செய்வது? பந்தி என்று வாய் கிழியப் பேசினேனே, பந்தி வாசலில் அப்பா என்ன செய்வார்? குறுக்கே கயிறு கட்டி ஆள் நிறுத்துவார். நான் இலையை எண்ணினேனே தவிர, கயிறு கட்டவில்லை!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சர்வர்கள் இருந்த ரேக்கின் அடியில் தவழ்ந்து புகுந்தேன். ஒவ்வொரு கிளையிலிருந்தும் வரும் கேபிளில் பெயர் ஒட்டியிருந்தது (அந்தப் புண்ணியத்தை மட்டும் கட்டியிருந்தேன்). தாராவி, செம்பூர், தாணே, உல்லாஸ்நகர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். போனில் வருகிறவர்களின் வழியையும் அடைத்தேன். இரைச்சல் அடங்கியது. பெரியவனையும் சின்னவனையும் எழுப்பி உட்கார வைத்தேன். கேமரா உயிர் பெற்று, மூலையிலிருந்து பச்சை விளக்கைக் காட்டியது. அதை நான் கவனிக்கவில்லை.

தாராவி கேபிளைச் செருகினேன். அவர்கள் உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். கோடு மஞ்சள்வரை போய்ப் பச்சைக்கு இறங்கியது. அடுத்தது செம்பூர். ஒரு கையில் தாணே, வாயில் உல்லாஸ்நகர். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி காதர் பாயை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"ஏம்மா, எங்கள எப்பம்மா உள்ள விடுவ? எங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?"

நான் உல்லாஸ்நகரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "ஒரு பந்தி முடியட்டும் பாய்! எல எடுக்க வேண்டாமா?"

கீழே ஹாலிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. லேப்டாப் ஸ்பீக்கர் வழியாகத் தாராவி சிரித்தது, செம்பூர் சிரித்தது. தலையைத் திருப்பினால், லேப்டாப் திரை முழுக்க நான். ரேக்கின் அடியில் சம்மணம் போட்டு, முழங்கால்வரை ஏற்றிய பட்டுப்புடவை, பூச்சரம் மூக்கின் மேல், நெற்றியில் பெரியவனின் சந்தனம், இரண்டு கைகளிலும் கேபிள்கள். அப்படியே ஷாக் அடித்துக் கருகிப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

தாணேயையும், கடைசியாக உல்லாஸ்நகரையும் உள்ளே விட்டேன். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. காதர் பாய் உள்ளே நுழைவதற்குள் யாரோ என் திருக்கோலத்தைத் திரையிலிருந்து படம் பிடித்து சாட்டில் போட்டுவிட்டார்கள். எல்லாக் கிளைகளிலிருந்தும் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. கோடுகள் பச்சையாகவே இருந்தன.

பாட்டீல் சார் தன் செக்லிஸ்டை எடுத்தார். "ஃபைல் ஷேரிங், சல் ரஹா ஹை", ஓடுகிறது என்று ஒரு டிக் போட்டார். "சாட், சல் ரஹா ஹை." இன்னொரு டிக். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார். "வீடியோ, ஏக்தம் க்ளியர்."

ப்ராஜெக்ட் டீமில் சீட் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு வாரம் மட்டும் ஹெட்போன் மாட்டச் சொன்னார்; தூக்குவாளி கிடைக்காதவர்களின் புகார்களுக்கு வேறு யாரால் பதில் சொல்ல முடியும்? அண்ணாச்சி மூன்றாவது மெஷின் வாங்கினார். அதன் பெயர் கடைக்குட்டி. எங்கள் ஆபீஸில் இன்றைக்கும் நான் எந்தத் திட்டத்தை நீட்டினாலும், புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட "சப் ஏக் சாத் ஆயே தோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

அந்தப் படத்தை அண்ணாச்சி ஃப்ரேம் போட்டுச் சர்வர் அறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆயுதபூஜைக்கு எனக்கும் சந்தனம், குங்குமம். முதல் வருஷம் மாலையும் போட்டுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு அம்மா கிங்ஸ் சர்க்கிளுக்கே போய்ச் சண்டை பிடித்தாள். "உசுரோட இருக்க பிள்ள படத்துக்கு மால போடுவியளோ? நல்லாயிருக்குவே ஒங்க மொற!" பொட்டு வைக்கலாம், மாலை கூடாது என்று சமாதானம் ஆனது.

அடுத்து என் கல்யாணம் வந்தது. மாட்டுங்காவில்தான். சமையல் அப்பா. தாம்பூலப் பைக்குப் பதில் எல்லோருக்கும் எவர்சில்வர் தூக்குவாளி, உபயம் அண்ணாச்சி. சாப்பாட்டு ஹால் வாசலில் அவர் ஒரு பெரிய பேனரும் கட்டியிருந்தார். ரேக்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நான். கீழே கொட்டை எழுத்தில், "ஒரு பந்தி முடியட்டும்! எல எடுக்க வேண்டாமா?"

வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள்.

மேடையிலிருந்து அப்பா முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். எழுந்து ஓடிப்போய் வாசலின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டேன். போட்டோகிராஃபர் விடுவாரா?

இப்போது அந்தச் சர்வர் அறையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டாவது படத்தில் என் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.