போய்ட்டுவாங்க என்றொரு கமாண்டு

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரையே உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட ஒரே மனிதர் எங்கள் கமாண்டு அண்ணன்தான். அதுவும் சாப்பிட்டு முடித்து "ஆச்சுங்க" என்று பதில் சொல்லும். நான் கண்ணால் பார்த்தவன்.

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மோட்டார் ரிப்பேரில் பழம் தின்று கொட்டை போட்டவர்களைப் பிடித்து, "இப்படி இருந்தால் இன்ன கோளாறு" என்று அவர்கள் சொல்வதையெல்லாம் விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டுவோம். பிறகு எங்காவது மோட்டார் மக்கர் செய்தால், கம்ப்யூட்டரே நாலு கேள்வி கேட்டுக் காரணத்தைச் சொல்லிவிடும். இப்படிப்பட்ட அமைப்புகளை உருவாக்க ஒரு மென்பொருள் உண்டு. அதை மெஷினில் ஏற்றுவது, புதுப்பிப்பது, எடுப்பது எல்லாம் அண்ணன் பொறுப்பு.

மவுஸைத் தொடமாட்டார். "விரல நீட்டி நீட்டி வேலை வாங்கறது மரியாதை இல்லீங்க தம்பி. வாயத் தொறந்து சொல்லோணும்" என்பார். கறுப்புத் திரையில் கமாண்டு அடிப்பதுதான் அவருக்கு வாயைத் திறப்பது. கமாண்டுகளுக்கு அவரே பெயரும் வைத்திருந்தார். மென்பொருளை ஏற்ற, வாங்க. புதுப்பிக்க, சாப்டுங்க. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க, யார்யாருங்க. எடுக்க, போய்ட்டுவாங்க.

"வாங்க" என்று தட்டிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று. கீழே டவுன் பஸ்களின் ஹாரன் சண்டை. எதுவும் அவர் காதில் விழாது. சாரலை வேடிக்கை பார்க்கிற முகம் அது. பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொக்கும். இரண்டு பேர் டீயும் ஆறி ஆடை கட்டியிருக்கும்.

பெருந்துறையிலிருந்து ஒரு மில்காரர் எங்கள் சரக்கைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். "பழைய வெர்ஷனத் தொடைச்சுத் தூக்கிப்போட்டுப் புதுசப் போடுங்கண்ணா. மிச்சம் மீதி இருக்கக்கூடாது."

"ஆகட்டுங்க அம்மணி" என்றார் அண்ணன்.

மில்காரர் வந்தார். "எங்க மோட்டார் ஒண்ணு காலையிலிருந்து சூடாகுதுங்க. எங்கே, உங்க மெஷினச் சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்."

புது வெர்ஷன் கேட்டது: மோட்டார் சூடாகிறதா? ஆமாம் என்று தட்டினோம். மோட்டார் சூடாகிறதா? மறுபடியும் ஆமாம். மோட்டார் சூடாகிறதா?

"இதென்னுங்க, எங்க மாமனாராட்ட சொன்னதையே மறுக்கா மறுக்கா கேக்குது!" என்று மில்காரர் எழுந்துவிட்டார்.

முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. "பழசு நல்லா ஓடிட்டிருந்துச்சு. நானே தொடைக்கச் சொல்லிப்போட்டனே!"

"தொடைக்கறதுங்களா?" அண்ணன் பதறிவிட்டார். "ஊட்டுக்கு வந்தவங்கள அப்படி அனுப்புவாங்களாங்க அம்மணி? போய்ட்டு வாங்கன்னுதானுங்க சொன்னேன். பக்கத்து ரூம்லதான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்பமாட்டார்கள். "வாரேன்" என்றுதான் கிளம்புவார்கள். அண்ணனின் கமாண்டும் அந்த வழக்கப்படிதான். எதையும் அழிக்காது, 'விருந்தாளி' என்றொரு ஃபோல்டரில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். வருஷக்கணக்காக அவர் ஒன்றையுமே அழித்ததில்லை. எங்கள் மெஷின் ஏன் முக்கி முனகி ஓடியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வாங்க" என்று தட்டினார். பழசு வந்து உட்கார்ந்தது. நிதானமாக நாலு கேள்வி கேட்டது. பிறகு, "பின்னால ஃபேன் கவர்ல பஞ்சு அடைச்சிருக்குதான்னு பாத்துப்போடுங்க" என்றது. மில்காரர் போன் போட்டு விசாரித்தார்.

"அட, ஆமாங்க!" என்று மறுபடி உட்கார்ந்தார். ஆர்டர் கிடைத்தது. அண்ணனைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் முதலாளியம்மா, "ஒரு டீ சாப்டுங்கண்ணா" என்றார்.

போன மாதம் அண்ணன் மகளோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். படியிறங்கும்போது "வாரேனுங்க தம்பி" என்றார். மறுநாள் முதலாளியம்மா, "அண்ணன் அக்கவுண்ட எடுத்துப்போடுங்க தம்பி" என்றார்.

நிஜமாகவே அழிக்கும் கமாண்டு எனக்குத் தெரியும். அடிக்க மனசு வரவில்லை. "போய்ட்டுவாங்க" என்று தட்டினேன்.

அவர் இல்லாத ஆபீஸ் எனக்குப் பிடிக்கவே இல்லை. சாயங்காலம் காற்று அடிக்கும்போது "யார்யாருங்க" என்று தட்டிப் பார்ப்பேன். வரிகள் மெல்ல மேலே ஏறும். விருந்தாளிகளில் கடைசியாக அண்ணன் பெயர் வரும். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவேன்.