ஆயில் நீர்த்துவிட்டது, பஸ்ஸில் போங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் கார்தான் நலமாக இல்லை. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. காரின் எஞ்சின் ஆயில் நீர்த்துவிட்டது.
2. அதற்குக் காரணம் நான்.
3. கார் நீங்கள் நிறுத்திய இடத்தைவிட்டு அசையவில்லை. எனவே வேறு யார்மீதும் பழி இல்லை.
4. மகளும் பேத்தியும் அந்தக் காரில் மலையேறக் கூடாது.

இனி விவரம். மூவரும் வெளியூர் கிளம்பும்போது காரை இங்கே விட்டுவிட்டு, "சும்மா நின்னா பேட்டரி செத்துடும் மாமா, அப்பப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சாவியைக் கொடுத்தீர்கள். ஓட்டச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்குத் தைரியம் வந்திருக்காது. தினமும் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். போன வாரம் எஞ்சின்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன், படித்திருக்கக் கூடாது. முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்து அணைத்து வைத்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதன் பிசுபிசுப்பைக் கரைத்துவிடுமாம். அதே ஆயில் மாற்றப்படாமல் நெடுங்காலம் வெந்தால் புகைக்கரி சேர்ந்து தடித்துவிடுமாம். மெலிந்தாலும் ஆபத்து, தடித்தாலும் ஆபத்து. என் ரத்தத்தைப் பற்றி டாக்டரும் இதையேதான் சொன்னார். அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானத் தூக்கம் கலைந்ததும் நேரே போய்ச் சோதித்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில், நீங்கள் அலமாரியில் வைத்திருந்த புது ஆயிலில் ஒரு சொட்டு. சாய்த்துப் பிடித்தால் புதியது, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளைபோல இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை (மன்னிக்கவும், உவமை தானாக வந்துவிட்டது). பழையது தண்ணீராக ஓடிற்று. மறுநாளும் அப்படியே. அதைவிடக் கொடுமை, பானெட்டில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடுகிறது. காலையில் அணைத்த எஞ்சின் மாலைவரை உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறது என்றால் நோய் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

உங்கள் அத்தையிடம் சொன்னேன். "பெட்ரோல் வாசனை வேற வருது. மோந்து பாரேன்."

"நீங்க பயந்துட்டா பால்லகூட பெட்ரோல் வாசனை வரும்."

"நாளைக்குத் தூங்காம, மத்தியானமே ஒரு தடவை பாத்துடறேன்."

"ஐயய்யோ, வேண்டாங்க! தூக்கம் கெட்டா உடம்பு என்னத்துக்காகும்? பேசாம படுங்க."

என் தூக்கத்தின்மேல் அவளுக்கு இத்தனை அக்கறை இதற்குமுன் இருந்ததில்லை. நிலைமையின் தீவிரம் அவளுக்கும் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் இங்கே வந்து, அந்தக் காரிலேயே மலைமேல் உங்கள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. இரவில் என்னால் கண்ணை மூட முடியவில்லை. கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் இறுகி நிற்கிறது, மகள் குழந்தையை அணைத்துக்கொள்கிறாள், பின்னால் ஒரு லாரி வருகிறது. லாரியில் இரும்புக் குழாய்கள் என்பதுவரை தெரிகிறது. நான் சொல்வதில் பிழை இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் பஸ்ஸில் போய்விடுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். ஏறும் வண்டியெல்லாம் உங்களைப் பத்திரமாக இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மெக்கானிக் வந்தார், நான்தான் வரச் சொல்லியிருந்தேன். டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கறப்ப எந்த ஆயிலும் தண்ணியாத்தான் சார் ஓடும். ஆறவிட்டுப் பாருங்க. தினம் நல்லா ஓடற வண்டியில பெட்ரோல் எங்க தங்கும்?" என்றார்.

"ஓடற வண்டியா?"

"அம்மாதான் தினம் மத்தியானம் மலையடிவாரம் வரைக்கும் போய்ட்டு வர்றாங்களே. என் கடையைத் தாண்டறப்ப ஹாரன் அடிப்பாங்க."

திரும்பி உங்கள் அத்தையைப் பார்த்தேன். "லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. உங்ககிட்டச் சொன்னா அப்புறம் நீங்க தூங்கவே மாட்டீங்க, நான் எப்ப ஓட்டறது?" என்றாள். பயணக் களைப்போடு வரும் உங்களை வருத்த வேண்டாமாம். வெள்ளிக்கிழமை மலைக்குத் தானே ஓட்டப்போவதாகவும் சொல்லிவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, மூன்றாவதாக எழுதியது தவறு. அது சரிந்ததும் முதல் இரண்டும் கூடவே சரிந்துவிட்டன. நான்காவதை மட்டும் அடிக்கவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது.