ஓய்வுத் திட்டமும் ஓடிப்போன கப்பலும்

உலகத்தில் எத்தனையோ பேர் ஓய்வெடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை முறைப்படி எடுத்தவர்கள் எங்கள் பாய்மரக் கப்பலின் மாலுமிகள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் வெறுமனே படுத்துக் கிடந்தவர்கள்.

இந்தப் பெருமை முழுவதும் கேப்டன் ஆஸ்வின் பிராட்டையே சேரும். பெருங்கடலைத் தாண்டி வந்து கரீபியக் கடலின் கரியக்கூ தீவில் இறங்கியதுமே, அவர் ஒரு காலிப் பீப்பாயின் மேல் ஏறி நின்று 'ஓய்வுத் திட்டம்' அறிவித்தார். கப்பலில் காவல் முறை மாறுவதுபோலக் கரையிலும் மாறும். பாதிப்பேர் ஓய்வெடுப்பார்கள், மீதிப்பேர் அதை மேற்பார்வை பார்ப்பார்கள். ஒரு விசில் அடித்தால் குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு அடித்தால் மல்லாக்க. மூன்று அடித்தால் இளநீர். நடுவே 'மகிழ்ச்சி' என்று ஒரு நிகழ்ச்சி. அதில் சிரிக்காதவர்களைத் துணைக் கேப்டன் ஹில்டா அடுத்த மகிழ்ச்சிக்கு முன்வரிசையில் உட்கார வைப்பாள்.

கடலைப் பார்ப்பது மாலுமிக்கு வேலை. ஆகவே காவல் நிற்பவர்களும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். வழக்கமாக நங்கூரத்தைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் ஒருவனை விட்டுவைப்போம். கேப்டன் இளகிய மனம் படைத்தவர். "லூக்கன் மட்டும் என்ன பாவம் செஞ்சான்?" என்று அவனையும் கரைக்கு வரவழைத்து, தென்னைகளுக்கிடையே கட்டிய வலை ஊஞ்சல்களுக்குக் காவல் போட்டார்.

நான் அல்பன், கப்பலின் சமையல்காரன். பிறந்தது இதே தீவில். கரை கடலுக்குள் நீளும் முனைக்கு அந்தப் பக்கம்தான் என் அக்கா பெர்னடின் வீடு. அவளும் அத்தானும் வருஷக்கணக்காகப் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய படகு அன்றைக்குத்தான் தண்ணீரில் இறங்க இருந்தது. எங்கள் ஊரில் படகுக்கும் ஞானஸ்நானம் உண்டு, ஞானத்தகப்பனும் உண்டு. அவன் வந்து பெயரை மூடிய துணியை விலக்கி, முகப்பில் ரம் தெளித்தால்தான் ஊர் வடத்தை இழுக்கும். அந்த ஞானத்தகப்பன் நான். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. இந்த ஒன்றையாவது பெயர் சொல்லி இறக்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஏங்கிக்கொண்டே வந்தேன்.

"போய்ட்டு வரட்டுமா கேப்டன்?"

"அங்க போய் என்ன பண்ணுவே?"

"வடம் பிடிச்சுப் படகை இழுப்போம்."

"இழுக்கறதா? அது வேலைப்பா! லீவு நாள்ல வேலை செஞ்சா லீவுக்கு என்ன மரியாதை?"

"சரி, இழுக்கல. ரம் மட்டும் தெளிச்சிட்டு வந்துடறேன்."

"ரம் நம்ம திட்டப்படி சாயங்காலம்தான். இப்பவே தெளிச்சா மத்தவங்க மனசு கெட்டுப்போகும்."

திட்டத்தை மீறியவனுக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை என்றும் பெரிய மனதோடு நினைவூட்டினார். பிறகு இரண்டு விசில் அடித்தார். நான் மல்லாந்தேன். இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவர்மேல் எப்படிக் கோபப்படுவது? வயிறு மட்டும் எரிந்தது. வெயிலாக இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் மணலை வாரி இறைத்துக்கொண்டு அக்காவே வந்துவிட்டாள்.

"டேய் அல்பன்! ஆடு வெந்தாச்சு, பாதிரியார் வந்தாச்சு, சனம் வடத்தைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது. நீ என்னடா கருவாடு மாதிரி காயுறே?"

"ட்யூட்டில இருக்கேன்க்கா."

"என்ன ட்யூட்டி?"

"மல்லாக்க."

கேப்டன் எழுந்து வந்தார். "அம்மா, உங்க தம்பி ஓய்வுல இருக்கார். தொந்தரவு பண்ணாதீங்க. நாளைக்கு வெச்சுக்கலாமே?"

"நாளைக்கு ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் மீனுக்குப் போயிடுவாங்க. அவங்க திரும்புற வரைக்கும் படகு வெயில்ல கிடந்து பிளந்து போகட்டுமா? நீ வந்து இழுப்பியா?"

"நானும் ஓய்வுலதான்மா இருக்கேன்."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். அந்தக் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றது அவள் ஒருத்திதான்.

"ஏன் கேப்டன், உன் கப்பல் எங்க போவுது?"

"அது எங்கயும் போகாது. அதுவும் ஓய்வுலதான் இருக்கு."

"அப்படியா? நல்ல ஓய்வுதான். முனை திரும்புதே!"

"கடலைப் பத்தின பேச்சு வேண்டாம்மா. லீவு," என்று கேப்டன் மூன்று விசில் அடித்தார். நாங்கள் இளநீரைத் தூக்கினோம்.

"கேப்டன், திரும்பிப் பார்க்க அனுமதி வேணும்!" என்று அலறினான் லூக்கன்.

"எதுக்கு?"

"ஏற்கெனவே பார்த்துட்டேன், அதுக்கு!"

ஓய்வுத் திட்டத்தில் ஓட்டம் கிடையாது. ஆனாலும் எல்லோரும் ஓடினோம். கேப்டன்தான் முதலில்.

முனைக்கு அந்தப் பக்கம், நங்கூரம் பிடி நழுவி மிதந்து வந்து, அக்காவின் படகுக்குப் பக்கத்திலேயே, பூப்போல மணலில் தட்டி நின்றிருந்தது எங்கள் கப்பல். ஊர்க்காரர்கள் அதை ஒரு பாதாம் மரத்தில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியாயிற்றே என்று யாரோ அதன் தலையிலும் கொஞ்சம் ரம் தெளித்திருந்தார்கள்.

"இழுங்க! சீக்கிரம் தண்ணில தள்ளுங்க!" என்று கத்தினார் கேப்டன்.

"வரிசைல வாங்க கேப்டன்," என்றாள் அக்கா. "முதல்ல எங்க படகு."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆள் கூடுனா சீக்கிரம் ஆகும்." வடத்தின் நுனியை அவர் கையில் திணித்தாள்.

நான் துணியை விலக்கினேன். 'அவசரமில்லை' என்று எழுதியிருந்தது. பாதிப் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு அதே துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்காதான் முடித்துவைத்தாள். ரம் தெளித்ததும் ஊரே பாடிக்கொண்டு இழுத்தது. கேப்டனும் ராகம் தப்பித் தப்பிப் பாடினார். படகு உருளைக் கட்டைகள்மேல் முனகிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது. நான் இடுப்பளவு நீரில் நின்று குழந்தைபோல அழுதேன். அடுத்து அதே வடம், அதே பாட்டு, எங்கள் கப்பலும் மிதந்தது. அன்று மாலை, கை கொப்பளித்த கேப்டன் மூன்று தட்டு ஆட்டுக்கறி தின்றுவிட்டு, மர நிழலில் வாயைப் பிளந்து தூங்கினார். குப்புறவா மல்லாக்கவா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதனால் அவர் மாறிவிட்டார் என்று நினைத்தால், நீங்கள் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். மறுநாள் காலை பீப்பாயின் மேல் 'விசாரணை' நடந்தது. அனுமதியின்றி இடம் பெயர்ந்தது, அழையா விருந்துக்குப் போனது, திட்ட நேரத்துக்கு முன்பே ரம் ஏற்றது என்று கப்பலின் மேல் குற்றங்கள் நிரூபணமாயின. தண்டனையாக இன்னொரு நங்கூரமும் போட்டார்கள். பிறகு ஒரு விசில் கேட்டது. எல்லோரும் குப்புறப் படுத்தோம், நானும்தான்.

தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. அந்தத் தீவில் யாரையும் கேட்காமல் என் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனது அந்த மரக்கட்டை ஒன்றுதான். அதைப் பிடித்து வைக்க இரண்டு நங்கூரம் தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு விசில் போதும்.