பலகை போயிடுச்சு

பாலைவனத்து ஓரம் இருக்கும் எங்கள் இக்கிகே ஊர்க் கடற்கரையில் கடற்சிங்கத்துக்கும் கூழைக்கடாவுக்கும் அடுத்தபடியாக அதிகம் காணப்படும் உயிரினம் பலகைப் பண்டிதர். முதல் இரண்டும் அவ்வப்போது நனையும். மூன்றாவது நனையாது.

அடையாளம் காண்பது எளிது. மூடுபனி விலகுவதற்கு முன்பே வந்துவிடுவார். அலைச்சறுக்குக்காரர்கள் போடும் ரப்பர் உடை இடுப்பு வரை ஏறியிருக்கும்; அதற்கு மேல் என்றைக்கும் ஏறாது. காலில் தவளைக்கால் மாதிரியான நீச்சல் செருப்பு இருக்காது, அது தோளில் தொங்கும். கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார், ஒரு விரலை நனைத்துக் காற்றில் பிடிப்பார், தலையை இடமும் வலமும் ஆட்டுவார், பெருமூச்சு விடுவார், அதன் பிறகு பக்கத்தில் யார் நின்றாலும், ஐஸ்கிரீம் விற்க வந்தவராகவே இருந்தாலும், அவரிடம் சொல்லுவார்: "இந்த அலைக்கு இந்தப் பலகை ஆகாது." எந்த அலை? எந்த அலையானாலும் சரி. எந்தப் பலகை? நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, அதுதான்.

நின்றுகொண்டு அலையேறும் நீளப் பலகைக்காரர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாங்கள் குப்புறப் படுத்துச் சறுக்குகிறவர்கள். எங்கள் பலகை குட்டை. உள்ளே நுரை, மேலே மெத்தென்ற தோல், அடியில் வழுக்கும் பிளாஸ்டிக். பார்ப்பதற்குக் குழந்தை குளிக்கும் தொட்டியில் மிதக்கிற சாமான் மாதிரி இருக்கும். பண்டிதரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் யெர்கோ. ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருவது தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறருடைய தவறைப் பார்த்தே பழகிய உடம்பு. கடற்கரையிலும் அதே இருக்கைதான், வண்டி மட்டும் இல்லை.

ரொட்டிக்கடை லினோ ஒருநாள் புதுப் பலகையோடு வந்தான். ஹவாயிலிருந்து வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். யெர்கோ அதை வாங்கி இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். மாம்பழக்காரியிடம் பழம் அமுக்குகிறவர்கள்கூட அத்தனை அவநம்பிக்கையோடு அமுக்க மாட்டார்கள். வளைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதில் வைத்தும் கேட்டார்.

"லினோ, இது எந்தக் கடல்ல வாழ்ந்த பலகைடா?"

"ஹவாய்ண்ணே."

"அங்க தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். அந்தச் சூட்டுல நுரை இளகிரும், அதனால கெட்டி நுரை போடுவான். இங்க தெற்கேருந்து வர்ற நீரோட்டத்துல நமக்கே பல்லு கிட்டுது. இந்தப் பலகை என்ன ஆகும்? கதவாயிரும். நீ கதவு மேல படுத்துப் போவப் போற."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் தொல்லையே. குளிர்ந்த நீருக்கு இளகிய நுரை, வெதுவெதுப்பான நீருக்குக் கெட்டி நுரை. காற்றடித்துக் கலங்கிய கடலில் இளகியது குலுக்கலை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியாய் எழும் அலையில் கெட்டியானது அம்பாய்ப் பாயும். பிறைபோல வெட்டிய வால் செங்குத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், வௌவால் சிறகுபோல வெட்டிய வால் நழுவ விட்டு விளையாட்டுக் காட்டும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் வேகம். மூக்கு மேலே வளைந்திருந்தால் வேகம் குறையும், ஆனால் தலைகுப்புறக் குத்தாது. எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேட்டுக்கொண்டே இருந்தால் நீர் வற்றிவிடும், காற்று திரும்பிவிடும், அலை நின்றுவிடும், யெர்கோ திருப்தியாக ரப்பர் உடையை இடுப்பிலிருந்து உருவிப் போட்டுவிட்டு ரொட்டியும் அவகாடோவும் தின்ன வீட்டுக்குப் போவார்.

அப்படியானால் நாங்கள் ஏன் அவரை விரட்டவில்லை? காரணம் எங்கள் மொழியில் இருக்கிறது.

எங்கள் ஊர் ஸ்பானிஷில் யாரும் எதையும் செய்வதில்லை. கண்ணாடித் தம்ளர் தானாக விழுந்துவிடும். சாவி தானாகத் தொலைந்துவிடும். பால் பொங்கிடுச்சு, பஸ் போயிடுச்சு என்கிறீர்களே நீங்கள், அதே நேர்த்தி. அதேபோல அலையிலிருந்து உருண்டு, மண் தின்று, மூக்கில் தண்ணீர் ஒழுகக் கரைக்கு வருகிறவன் விழுந்தேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். "பலகை போயிடுச்சு" என்பான். எங்கே போயிற்று, யார் அனுப்பினார்கள் என்றெல்லாம் நாங்களும் கேட்பதில்லை. பலகைக்குக் கால் முளைத்தது, போய்விட்டது.

இந்த இடத்தில்தான் யெர்கோவின் மகிமை. நாங்கள் வெறுமனே போயிடுச்சு என்போம். ஏன் போனது என்று அவர் சாட்சியோடு நிரூபித்துத் தருவார். வாலில் அரை விரல் அகலம் கூடுதல், விளிம்பு வெட்டியதில் கோணல், உள்ளே ஓடும் கம்பிக்கு விறைப்பு போதாது. பாதிரியாரிடம் போனால் பாவம் செய்தேன் என்றாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யெர்கோவிடம் அதுகூட வேண்டாம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பலகையை நீட்டினால் போதும், மன்னிப்பு கிடைத்துவிடும். விரட்டுவதா? ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நின்றோம்.

அவருக்கென்று ஒரு பலகை உண்டு. லா முயேலா, அதாவது கடைவாய்ப்பல், என்று எங்கள் பாறை முனைக்குப் பெயர். அகப்பட்டவரை மென்றுதான் துப்பும். அந்த அலைக்கென்றே, குளிர்காலப் பெரும் அலைக்கென்றே, நுரை முதல் வால் வரை அவரே சொல்லிச் செய்வித்த பலகை அது. பையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. அதற்குத் தகுதியான அலை இன்னும் வரவில்லை என்பார். சில பேர் வீட்டில் பீங்கான் கோப்பை இருக்குமே, நல்ல விருந்தாளி வரட்டும் என்று, கடைசிவரைக்கும் எல்லாரும் தகரக் குவளையில் குடித்துக்கொண்டு. அந்தக் கதைதான்.

இப்படிப்பட்டவருக்கு டானிட்ஸா மகளாக வந்து பிறந்தாள். நடுவயிற்றில் மடிப்பு விழுந்த கிழட்டுப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தக் கடலானாலும் இறங்குவாள். அப்பா பின்னாலிருந்து அந்த மடிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது அவள் முன்னாலே நீந்திக்கொண்டிருப்பாள்.

சென்ற குளிர்காலத்தில் நாட்டு அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க லா முயேலாவில் போட்டி வைத்தார்கள். இருந்தது ஒரே ஓர் இடம். டானிட்ஸா அதற்காகத்தான் கிடங்கில் இரவு வேலைக்கு மாறி, பகலெல்லாம் கடலில் கிடந்தாள். யெர்கோவும் வாய் திறந்து சொல்லவில்லையே தவிர, கார் கற்க வந்தவர்களையெல்லாம் கடற்கரைச் சாலையிலேயே ஓட்டவைத்து அவளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

அரையிறுதியில் அவள் ஜெயித்தாள். ஜெயித்த அலையிலேயே பலகை அந்த மடிப்பில் இரண்டாக முறிந்தது. இறுதிச் சுற்றுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் பலகைகளையெல்லாம் நீட்டினோம். ஒன்று நீளம், ஒன்று குட்டை, லினோவுடையது கதவு. பலகையை நிறுத்தினால் மூக்கு தொப்புளில் முட்ட வேண்டும், அதுதான் அளவு. அப்பாவும் மகளும் ஒரே உயரம். எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

யெர்கோ கடலைப் பார்த்தார். நீர் இறங்குகிறது என்றார். காற்று தெற்கே திரும்பப் போகிறது என்றார். வழுக்காமலிருக்கத் தேய்க்கும் மெழுகு பிடிக்க நேரம் வேண்டும், புதுப் பலகை உடம்போடு பழக ஒரு மாதமாவது வேண்டும் என்றார்.

"அப்பா, பலகையக் குடுங்க," என்றாள் டானிட்ஸா.

வீடு பக்கத்துத் தெருதான். போய்க் கொண்டுவந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். அந்தப் பலகையைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தோம். பையைத் திறந்தார்.

பலகை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

பலகையைக் காரில் வெயிலில் போடாதே, நுரை உருகி வளையும் என்று எங்களுக்கெல்லாம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்ன மனிதர், தன் பலகையைப் பின்னறையில், தகரக் கூரைக்கு அடியில், சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பாலைவனத்து வெயில் கூரையைக் காய்ச்சியது. நல்ல அலை வரட்டும் என்று பலகையும் சாய்ந்தே காத்திருந்தது.

யெர்கோதான் மெதுவாகச் சொன்னார்:

"வெயில் பட்டிருச்சு."

வெயில். பார்த்தீர்களா? தொண்ணூற்று மூன்று மில்லியன் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் மேல் பழி. டானிட்ஸா பலகையைத் திருப்பிப் பார்த்தாள், மெழுகைத் தேய்த்தாள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த வளைவில் வேகம் எப்படி வரும்? நல்ல அலை இரண்டு அவளுக்கு அடியிலேயே நழுவிப் போயின. கரையில் யெர்கோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வந்தது ஒன்று. சுவராக எழுந்து, பாறைக்கு மேலே வாயைத் திறந்தது. வேறு எந்தப் பலகையாக இருந்தாலும் மூக்கைக் குத்தியிருக்கும். அந்த வளைந்த மூக்கு குத்தவில்லை. மேலேயிருந்து செங்குத்தாக இறங்கியவள் அலையின் குகைக்குள் போய், நாங்கள் மூச்சை விடுவதற்குள் மறுமுனையில் வெளியே வந்தாள். லினோ என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினான். புள்ளியில் முன்னே இருந்த, அரிக்கா ஊரிலிருந்து வந்திருந்த பெண்ணை எட்டிப் பிடிக்க இன்னும் ஒரே ஒரு சுமாரான அலை போதும்.

அந்த அலையும் வந்தது. டானிட்ஸா ஒரு கணம் தாமதமாகக் கிளம்பினாள். அலை அவளை உருட்டிப் போட்டது. அதற்குள் நேரம் முடிந்தது என்று ஊதிவிட்டார்கள்.

நெற்றியில் சிராய்ப்போடு அவள் கரையேறியபோது நாங்கள் எல்லாரும் ஆறுதலைத் தயாராக வைத்திருந்தோம். இதுவரை சொல்லப்பட்ட சாக்குகளிலேயே இதுதான் உத்தமமான சாக்கு. கையில் பொருளாகவே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். "பலகை போயிடுச்சு இல்ல?" என்று லினோ ஆரம்பித்தும் வைத்தான்.

யெர்கோ வாயைத் திறந்தார். "பலகை..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சாக்கு வழங்கிய மனிதர். தன் மகளுக்கு வழங்க வேண்டிய நாளில் அந்தச் சாக்கின் மேல் அவர் பெயரே எழுதியிருந்தது. பலகைமேல் குற்றம் என்றால், பலகையை வளைத்தது யார்? வெயில் வந்து சாட்சி சொல்லுமா?

டானிட்ஸா அப்பாவைப் பார்த்தாள். ஏன் வளைய விட்டீங்க என்று கேட்டிருந்தால் நியாயம் அவள் பக்கம்தான். கடற்கரை முழுக்க அவளுக்காகத் தலையாட்டியிருக்கும்.

"பலகை ஒண்ணும் பண்ணலப்பா," என்றாள். "நான் விழுந்துட்டேன்."

அப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் கடற்கரை அதற்குமுன் கேட்டதில்லை. நடுவர்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யெர்கோவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. உப்புக்காற்று பட்டிருக்கும் என்றான் லினோ. நாட்டு அணியின் அடுத்த பயணத்துக்கு அவளுக்குப் பதிலாக அரிக்காக்காரி விமானம் ஏறினாள். டானிட்ஸா மறுநாள் காலையும் கடலில்தான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கம்போல ஆளுக்கொரு பலகையோடு மன்னிப்புக்கு வந்தோம். பண்டிதர் இடத்தில் இல்லை. தேடினால், ரப்பர் உடை கழுத்து வரை ஏறியிருக்க, வளைந்த பலகையோடு தண்ணீரில் நிற்கிறார். அலை சின்னதுதான்; பிள்ளைகள் ஏறுகிற அலை. அது அவரைத் தூக்கி, புரட்டி, மண்ணில் தேய்த்து, எங்கள் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. நாங்கள் குனிந்து நின்றோம். ஊரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார், தண்ணீரைத் துப்பினார், மகளைப் பார்த்தார்.

"நான்..." என்றார். "நான் வி..."

இருமல் வந்துவிட்டது. நல்ல இருமல். முதுகைத் தட்டிக்கொடுத்தோம். வாக்கியத்தின் மீதி இன்றுவரை பாக்கி இருக்கிறது, ஆனாலும் பாதியாவது வந்ததே என்று டானிட்ஸா அவரை மறுபடி தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரில் அலையில்லை, பலகையில்லை, உங்களுக்கென்ன? ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் பால் பொங்கியதே, அது எப்படி? நண்பர் கடிதத்துக்குப் பதில் எழுதுவது விட்டுப்போயிற்றே, யார் விட்டார்கள்? அலமாரியில் நல்ல நாளுக்காக ஒன்று பையோடு வளைந்துகொண்டிருக்கிறதே, அதற்கும் வெயில்தான் பட்டதா? கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நான் விழுந்துட்டேன்.

வரவில்லையா? தொண்டை சரியில்லை போலிருக்கிறது.