சங்கு அண்ணாச்சியின் குட்டி மோட்டார்

உலகத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை முதலில் ஓட்டியவர் எங்கள் சங்கு அண்ணாச்சிதான். அவர் ஓட்டினார் என்பதைவிட, பின்னால் அவருடைய மச்சான் சூசை ஓடினார் என்பதே சரி.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து கொழும்பில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது தோணியில் வந்து இறங்கியது அந்த வண்டி. என் முட்டி உயரம்தான் இருக்கும். ஓடிப்போய்த் தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பினால் தூத்துக்குடி முழுக்கக் கேட்கும்.

அண்ணாச்சி முப்பது வருடம் சங்கு குளித்தவர். குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கினால், அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேலே மச்சான்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவளின் தாலி அதில் தொங்குவதால் அந்தக் கை நழுவாதாம். கடலுக்கு உள்ள சட்டம் ரோட்டுக்கும் உண்டு என்று அண்ணாச்சி முடிவுகட்டிவிட்டார். சூசை ஒரு இழுப்பு இழுத்தால் வண்டி நிற்க வேண்டும். ஓடி ஓடியே சூசையின் தொந்தி காணாமல் போனது.

ஒரு மத்தியானம் மாதா கோயில் மணி அடித்தது. சூசை பழக்கதோஷத்தில் சட்டென்று நின்று சிலுவை போட்டார். கயிறு இன்னொரு கையில் சுற்றியிருந்தது. வண்டி மட்டும் தனியாகப் போய்க் கருவாட்டுக் கூடையில் படுத்துக்கொண்டது. அண்ணாச்சி நடுரோட்டில் உட்கார்ந்தபடியே தாமும் சிலுவை போட்டார்.

"நல்ல வேளை மச்சான், கயித்த விடல!" என்றார் சூசையிடம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்று சோறு இறங்காமல் திரிந்தேன்.

"ஏலே, ஒனக்கு மச்சான் உண்டுமா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. நாங்க நாலும் ஆம்பளப் பிள்ளைய."

"அப்ப தள்ளி நில்லு. கயித்த யாரு புடிப்பா?"

"இது என்ன கடலா அண்ணாச்சி?"

"ரோட்டுல மூச்சு முட்டாதுன்னு எவம்லே சொன்னான்?"

கல்யாணமாகாத பையன்களுக்கு அக்கா புருஷன் போதும் என்று சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார். என் கூட்டாளி அந்தோணிக்கு மூன்று அக்காமார். வாரம் ஒரு மச்சானைக் கூட்டிவந்து ஜம்மென்று ஓட்டினான். நான் வயிறெரிந்து, "எனக்கு முன்னால ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்திருக்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். கரண்டியால் பதில் கிடைத்தது.

கடைசியில் பெட்ரோலும் கிடைக்காமல் மாற்றுச் சாமானும் கிடைக்காமல் வண்டியை ஆத்தூர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். எஞ்சினைக் கழற்றி வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறார்களாம். கொண்டுபோகிற அன்று காலையில் நான் வண்டியைத் தடவிக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு மச்சான் இல்லியே..."

"கயித்தப் புடிச்சாச்சுல்லா? இனி மச்சான்தான். ஏறுலே!"

உப்பளப் பாதையில் பறந்தேன். காது அடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது, வாய் மட்டும் மூடவே இல்லை. இடுப்பில் ஒரு இழுப்பு. சந்தோஷத்தில் நான் நிற்கவில்லை. இன்னொரு இழுப்பு. அப்போதும் நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றதும் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி உப்புச் சேற்றில் குப்புறக் கிடந்தார். கயிறு கையிலேயே இருந்தது.

"விட்டிருக்கலாம்லா அண்ணாச்சி!"

சேற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "விடுததுக்கா புடிச்சேன் லே மச்சான்?"

பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். இன்றும் கிளம்பும்போது கை தானாக இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறது. கயிறு இல்லாமல் போவது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.